உயர்நிலை 2 முடிவில் பாடத் தேர்வு: எந்தக் கதவு உண்மையில் மூடும்?

கேட்டவர் ஒரு தாய். மகன் சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரப் பள்ளியில் உயர்நிலை 2 முடிக்கப் போகிறான். அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவம் வந்துவிட்டது. சாதாரணக் கணிதத்துக்கு மேல் தனிப் பாடமாக வரும் கூடுதல் கணிதமும், இயற்பியலும் வேதியியலும் ஒரே பாடமாகச் சேர்ந்த ஒருங்கிணைந்த அறிவியலும் தருகிறோம், மூன்று தனி அறிவியல் பாடங்களுக்கு மதிப்பெண் போதவில்லை என்கிறது பள்ளி. தமிழ்நாட்டில் ப்ளஸ் டூவில் முதல் குரூப் படித்த அவருடைய கணவருக்கு இது பெரிய சறுக்கலாகப் படுகிறது; பள்ளியிடம் முறையிட வேண்டும் என்கிறார். பையனோ, கூடுதல் கணிதம் உயிரை எடுக்கும் என்று மேல் வகுப்பு மாணவர்கள் சொன்னதைக் கேட்டு, அதை விட்டுவிட்டு வேறு ஏதாவது எடுக்கலாமா என்று பார்க்கிறான். பொறியியலா, கணினியா, மருத்துவமா என்று இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை. இப்போது தவறான கட்டத்தில் டிக் போட்டுவிட்டால் பல்கலைக்கழகக் கதவு மூடிவிடுமா, இனி அவன் எப்படிப் படிக்க வேண்டும் என்பது கேள்வி.

உங்கள் கணவர் கவலைப்படும் இடம் ஒன்று, கவலைப்பட வேண்டிய இடம் வேறு. தனி அறிவியல் கிடைக்காதது அவனுக்கு ஒரு சிரமம், அவ்வளவுதான். கூடுதல் கணிதத்தை அவனாகவே விட்டுவிடுவதுதான் உண்மையான இழப்பு. பையன் விட நினைப்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கணவர் பிடிக்க நினைப்பதை விட்டுவிடலாம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குப் பல்கலைக்கழகத்திலிருந்து பின்னோக்கி வர வேண்டும். நம் பெற்றோர் பெரும்பாலும் உயர்நிலைப்பள்ளியிலிருந்து முன்னோக்கிப் பார்க்கிறார்கள். எத்தனை பாடம் சேர்க்கலாமோ அத்தனையும் சேர்த்துவிட்டால் பின்னால் எதற்காவது உதவும் என்று கணக்குப் போடுகிறார்கள். பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகம் உயர்நிலை 4-இல் எத்தனை அறிவியல் படித்தான் என்று கேட்பதில்லை. உயர்நிலைப்பள்ளிக்கு அடுத்த இரண்டாண்டுத் தொடக்கக்கல்லூரி வழியாக வருபவனிடம் அது பார்ப்பது, ‘ஏ லெவல்’ என்னும் மேல்நிலைத் தேர்வில் அவன் முழு ஆழத்தில் படித்து எழுதிய எச்2 பாடங்களை. கணினி அறிவியலுக்கு எச்2 கணிதம் வேண்டும். பொறியியலில் பெரும்பாலான பிரிவுகளுக்கு எச்2 கணிதமும் அதனோடு இயற்பியல் போன்ற ஓர் அறிவியலும் வேண்டும். மருத்துவத்துக்கு எச்2 வேதியியல் அடிப்படை. அதோடு உயிரியல் அல்லது இயற்பியல். இந்த ‘அல்லது’ பலர் கண்ணில் படுவதில்லை. மகனை மருத்துவராக்க வேண்டும் என்பதற்காகவே உயிரியலை எடுக்கச் சொல்லி, அது பிடிக்காமல் மனப்பாடம் செய்து தவிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். துறைவாரியான நிபந்தனைகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ஆகவே சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டின் சேர்க்கைப் பக்கங்களையும் ஒருமுறை நீங்களே திறந்து படித்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் யாரோ பகிர்ந்த பட்டியலை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

சரி, எச்2 கணிதம் எங்கிருந்து தொடங்குகிறது? அதன் பாடத்திட்ட ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது: கூடுதல் கணிதத்தில் உள்ளவை மாணவனுக்கு ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் அந்தப் பாடம் கற்பிக்கப்படுகிறது. வகையீடு, தொகையீடு, மடக்கை, முக்கோணவியல் சமன்பாடுகள், பகுதிப் பின்னங்கள் எல்லாம் கூடுதல் கணிதத்தில் இருக்கின்றன. சாதாரணக் கணிதத்தில் இல்லை. அதைப் படிக்காதவனுக்குத் தொடக்கக்கல்லூரியில் எச்2-இல் பாதி அளவுள்ள எச்1 கணிதம் கிடைக்கலாம். ஆனால் எச்1 கணிதத்தை வைத்துக்கொண்டு பொறியியலுக்கோ கணினி அறிவியலுக்கோ போவது கடினம். ஆக, பதினான்கு வயதில் ஒரு கட்டத்தில் டிக் போடாமல் விட்டதால் பதினெட்டு வயதில் ஒரு பட்டப்படிப்பே கைவிட்டுப் போகக்கூடும் என்றால், அந்தக் கட்டம் கூடுதல் கணிதம். அடுத்ததாக வேதியியல், ஏதேனும் ஒரு வடிவில். உங்கள் மகனுக்குப் பள்ளி தரும் சேர்க்கையில் இரண்டுமே இருக்கின்றன.

ஒருங்கிணைந்த அறிவியல் பற்றிய பயத்தை இப்போது கொஞ்சம் உரசிப் பார்ப்போம். இங்கே விதிகள் மாறியிருப்பது பலருக்கு இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. 2024-இல் உயர்நிலை 1-இல் சேர்ந்த அணியிலிருந்து விரைவு, வழக்கநிலை என்ற பழைய பிரிவுகள் இல்லை. ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகளில் படிக்கிறார்கள். ஜி3 என்பது பழைய விரைவுப் பிரிவின் தரம். அந்த அணி 2027-இல் எழுதப்போவது சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு. நாம் ‘ஓ லெவல்’ என்று சொல்லிப் பழகிய சாதாரண நிலைத் தேர்வு அதற்குள் அடங்கிவிடுகிறது. 2028 முதல் தொடக்கக்கல்லூரிச் சேர்க்கைக்கு ஆறு பாடங்களுக்குப் பதில் ஐந்து பாடங்களைத்தான் எண்ணுவார்கள். அதாவது, ஒரு மொழியும் வேறு ஐந்து பாடங்களும் சேர்ந்த எல்1ஆர்5 போய், ஒரு மொழியும் வேறு நான்கு பாடங்களும் சேர்ந்த எல்1ஆர்4 வருகிறது. ஏ1-க்கு 1, ஏ2-க்கு 2, பி3-க்கு 3 என்று தரத்துக்கு ஏற்பப் புள்ளி; கூட்டுத்தொகை குறையக் குறைய நல்லது. பழைய 20 புள்ளி வரம்பு 16 ஆகிறது.

அந்த ஐந்தை உங்கள் மகனுக்கு எண்ணிப் பாருங்கள். ஆங்கிலம் ஒன்று. வரலாறு, புவியியல் போன்ற மானுடவியல் பாடம் ஒன்று. கணிதம், கூடுதல் கணிதம், ஒருங்கிணைந்த அறிவியல். ஐந்தும் நிறைந்துவிட்டன. மூன்று தனி அறிவியல் எடுத்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் எண்ணப்படுவது ஐந்துதான். அவனுக்குத் தேர்ந்தெடுக்க அதிகப் பாடங்கள் இருக்கும் என்பது உண்மை. ஒன்று சொதப்பினால் இன்னொன்று கைகொடுக்கும். ஆனால் அதற்கு அவன் கொடுக்கும் விலை, வாரத்தில் கணிதத்துக்கு ஒதுக்கியிருக்கக்கூடிய மாலை நேரங்கள். பாடத்துக்குச் சராசரியாக பி3 வாங்கினாலே ஐந்து பாடங்களுக்கு 15 புள்ளி வந்துவிடும். 16 என்பது நுழைவதற்கான எல்லைக்கோடு மட்டும்தான், நல்ல பெயருள்ள கல்லூரிகள் அதைவிடக் குறைந்த புள்ளியில் நின்றுவிடும். ஆகவே எட்டுப் பாடத்தில் பி4 வாங்குவதைவிட ஏழு பாடத்தில் ஏ2 வாங்குவதே அவனுக்கு நல்லது.

ஒரு சிறு ஆதாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவன் உயர்தமிழ் படிக்கிறான் என்றால் அதை விடச் சொல்லாதீர்கள். ஆங்கிலத்திலும் உயர்தமிழிலும் சி6 அல்லது அதற்கு மேல் எடுத்தால் தொடக்கக்கல்லூரிச் சேர்க்கையில் இரண்டு புள்ளி கழித்துக்கொள்ளலாம். அறிவியலுக்கு நேரம் வேண்டும் என்று முதலில் உயர்தமிழைக் கைவிடும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வரும். தமிழ்ப் பற்று இருக்கட்டும், வெறும் கணக்காகப் பார்த்தாலும் அது நஷ்டம்.

இனி ஒருங்கிணைந்த அறிவியலின் குறை. மறைக்க வேண்டியதில்லை. இரண்டு அறிவியலும் சேர்ந்து ஒரே பாடம் என்பதால் சில அத்தியாயங்கள் வெட்டப்பட்டிருக்கும். இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் அப்படி விடுபடும் ஒன்று. ஒரு கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை நகர்த்தினால் மின்னோட்டம் ஏன் பிறக்கிறது என்பதை அவன் பள்ளியில் பார்த்திருக்க மாட்டான். தொடக்கக்கல்லூரியில் எச்2 இயற்பியல் எடுத்தால் அதே தலைப்பு இன்னும் கடினமான வடிவில் வந்து நிற்கும். பல தொடக்கக்கல்லூரிகள் ஒருங்கிணைந்த அறிவியல் படித்தவர்களையும் எச்2 இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஏற்கின்றன. ஆனால் நல்ல தரம் எதிர்பார்க்கின்றன, எந்தத் தரம் என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தானே வைத்துக்கொள்கிறது. இந்த இடைவெளியை நிரப்ப ஒரு வழி இருக்கிறது. உயர்நிலை 4 தேர்வு முடிந்து கல்லூரி தொடங்கும்வரை கிடைக்கும் விடுமுறையில் தனி இயற்பியல் பாடநூலை வாங்கி, விடுபட்ட அத்தியாயங்களை மட்டும் படித்துவிட வேண்டும். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் பழைய பாடநூல்கள் மலிவாகக் கிடைக்கும். பெற்றோரும் அந்த விடுமுறையைத் தூங்கிக் கழிக்க மட்டும் விடாமல் இருந்தால் போதும்.

முறையீடு செய்வதில் தவறில்லை. பள்ளிகள் சில சமயம் ஏற்றுக்கொள்வதும் உண்டு. ஆனால் எல்லைக்கோட்டில் நிற்கும் பையனை மூன்று தனி அறிவியலில் தள்ளிவிட்டுக் கூடுதல் கணிதத்தையும் சுமத்தினால், முதலில் சரிவது கூடுதல் கணிதம்தான். இரண்டு தனி அறிவியல் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் நல்லது. மூன்றுக்காகச் சண்டை போட வேண்டாம்.

இப்போது எப்படிப் படிப்பது என்ற கேள்வி. உயர்நிலைப்பள்ளியில் நெடுங்காலம் கணிதமும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தொடக்கக்கல்லூரிக்குப் போய் முதல் சில மாதங்களிலேயே கலங்கி நிற்கும் பிள்ளைகளிடம் பொதுவாக ஒரு குறை இருக்கும்: இயற்கணிதத்தில் கை ஓடாது. கருத்து புரிந்திருக்கும், சூத்திரம் தெரிந்திருக்கும். மூன்றாவது வரியில் ஒரு குறி மாறிவிடும், அல்லது அடைப்புக்குறியைத் தவறாகப் பிரித்துவிடுவார்கள். பிறகு பக்கம் முழுவதும் வீண்.

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். உயர்நிலை 2-இல் இப்படி ஒரு கணக்கு வரும்: எக்ஸ் வர்க்கம் சமம் 5 எக்ஸ். பெரும்பாலான பையன்கள் இரண்டு பக்கமும் எக்ஸால் வகுத்து, விடை 5 என்று எழுதிவிடுவார்கள். பூஜ்யமும் ஒரு விடை என்பது அங்கே காணாமல் போகிறது. எக்ஸ் பூஜ்யமாக இருக்கக்கூடும் என்பதால் அதால் வகுக்கவே கூடாது. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்த வேண்டும். ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்து ஒரு மதிப்பெண் குறைப்பார். பையன் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விடுவான். ஒரு மதிப்பெண்தானே.

அதே பையன் உயர்நிலை 3-இல் கூடுதல் கணிதத்துக்கு வருகிறான். சைன் எக்ஸ் பெருக்கல் காஸ் எக்ஸ் சமம் சைன் எக்ஸ். 0 முதல் 360 பாகை வரை எல்லா விடைகளையும் காண்க. பழைய பழக்கம், சைன் எக்ஸை இரண்டு பக்கமும் அடித்துவிடுகிறான். காஸ் எக்ஸ் சமம் 1. விடை 0, 360. முடித்துவிட்டான். 180 பாகை எங்கே? சைன் 180 பூஜ்யம், ஆகவே அதுவும் விடை. அவன் அடித்துவிட்ட சைன் எக்ஸோடு அந்த விடையும் போய்விட்டது. அதே பழக்கம் தொடக்கக்கல்லூரியில் வகைக்கெழுச் சமன்பாடுகளுக்குள் போகும்போது அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. உயர்நிலை 2-இல் கண்டுகொள்ளாமல் விட்ட அந்த ஒரு மதிப்பெண், ஆண்டுக்கு ஆண்டு விலையேறி வருகிறது.

ஆகவே இந்த டிசம்பர் விடுமுறையில் அவன் புதிய அத்தியாயம் எதையும் முன்கூட்டியே படிக்க வேண்டாம். உயர்நிலை 3 பாடத்தை முன்னதாகவே முடித்துவிடுகிறோம் என்று விளம்பரம் செய்யும் துணைப்பாட நிலையங்களுக்கும் போக வேண்டாம். உயர்நிலை 1, 2 இயற்கணிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும்: காரணிப்படுத்துதல், பின்னங்களைக் கூட்டுதல், சூத்திரத்தில் கேட்ட எழுத்தைத் தனியே ஒரு பக்கம் கொண்டுவருதல், அடுக்குக்குறிகள். நாள்தோறும் அரை மணி நேரம், கைக்கணிப்பான் இல்லாமல். ஒவ்வொரு வரியையும் கீழே கீழே எழுத வேண்டும், சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைப் பிள்ளைகள் கிழவன் தொணதொணப்பு என்று நினைப்பார்கள். ஆனால் பக்கத்தின் மூலையில் பக்கவாட்டில் கிறுக்கிக் கணக்குப் போடுபவனால் தன் தவறைத் தானே கண்டுபிடிக்க முடியாது; எந்த வரியில் வழிதவறினான் என்பது அவனுக்கே தெரியாது.

தவறுகளுக்கு ஒரு தனி நோட்டு வைக்கச் சொல்லுங்கள். தவறிய கணக்கைச் சரியாக எழுதி வைப்பது மட்டும் போதாது. எந்த வகைத் தவறு என்று ஒரு வரி அதன்கீழ் எழுத வேண்டும்: ‘பூஜ்யமாகக்கூடியதால் வகுத்தேன்’, ‘கழித்தல் குறியை அடைப்புக்குள் கொண்டுபோகவில்லை’, ‘வினாவில் ரேடியன், நான் பாகை’. சில வாரங்களில் அவனுக்கே தெரியும், அவன் செய்யும் தவறுகள் நூறு வகை அல்ல. நான்கைந்து வகைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்று.

அறிவியலில் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் கோட்டைவிடுவது எழுத்தில். வானத்திலிருந்து குதிப்பவரின் வேகம் ஏன் ஒரு கட்டத்தில் மாறாமல் நிற்கிறது என்று கேட்டால், ‘ஈர்ப்பும் காற்றுத் தடையும் சமமாகிவிட்டன’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மதிப்பெண் கொடுக்க அங்கே எதுவும் இல்லை. எடை மாறவில்லை, வேகம் கூடக் கூடக் காற்றுத் தடை கூடுகிறது, அதனால் நிகர விசை குறைகிறது, முடுக்கமும் குறைகிறது, தடை எடைக்குச் சமமாகும்போது நிகர விசை பூஜ்யம், முடுக்கம் பூஜ்யம், அதன் பிறகு வேகம் மாறாது. இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் மதிப்பெண் உண்டு. நடுக் கண்ணியை விட்டுவிட்டால் முடிவு சரியாக இருந்தாலும் மதிப்பெண் வராது. பையனுக்கு இயற்பியல் தெரியும், ஆனால் ஏன் என்று எழுதத் தெரியவில்லை என்ற புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். ஏன் என்று எழுத வராதவரை அவனுக்கு முழுதாகப் புரியவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

உங்கள் கணவர் இங்கே பெரிய உதவி செய்யலாம். அவர் இயற்பியல் படித்தவர். இந்த ஊர்ப் பாடத்திட்டம் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கேள்வியை எடுத்து, ‘ஏன்?’ என்று கேட்கட்டும். மகன் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு, ‘சரி, அது ஏன்?’ என்று இன்னொரு முறை. தமிழில் பேசினாலும் பரவாயில்லை, தேர்வுக்கு மட்டும் அதை ஆங்கிலத்தில் எழுதிப் பழகட்டும். ‘எங்கள் காலத்தில் இதை எட்டாம் வகுப்பிலேயே முடித்துவிட்டோம்’ என்ற வாக்கியத்தை மட்டும் அவர் தவிர்த்துவிட்டால் புண்ணியமாகப் போகும்.

செய்முறைத் தேர்வையும் பலர் அலட்சியம் செய்கிறார்கள். தனி அறிவியல் பாடங்களில் அதற்கு 20 விழுக்காடு, ஒருங்கிணைந்த அறிவியலில் 15 விழுக்காடு. வீட்டில் உட்கார்ந்து படித்து வாங்க முடியாத மதிப்பெண் இது. பியூரெட்டில் திரவத்தின் வளைந்த மேற்பரப்பின் அடிப்பகுதியைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்த்து, 0.05 கன சென்டிமீட்டர் வரை எழுத வேண்டும். 24 என்று எழுதினால் தவறு, 24.00 என்று எழுத வேண்டும். உப்புகளைக் கண்டறியும் பரிசோதனையில் செப்பு அயனி உள்ள கரைசலில் அம்மோனியா கரைசலைத் துளித்துளியாக விட்டால் வெளிர்நீல வீழ்படிவு வரும். மேலும் மேலும் விட்டால் அது கரைந்து அடர்நீலக் கரைசலாகும். ‘நீலமாக மாறியது’ என்று எழுதும் மாணவன் மூன்று தகவல்களில் இரண்டரையைத் தொலைத்துவிட்டான். வீழ்படிவா கரைசலா, எந்த நீலம், அதிகமாக விட்டபோது என்ன ஆனது என்பதெல்லாம் கண்ணால் பார்த்து, பார்த்தபடி எழுதும் பழக்கம். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் முதல் வாரமே இதைத்தான் எதிர்பார்ப்பார்கள். பள்ளி ஆய்வக வகுப்பு நாளில் இணைப்பாட நடவடிக்கைப் போட்டி என்று சொல்லி விடுப்பு எடுப்பதை அனுமதிக்காதீர்கள்.

அதிகம் பேர் தொடாத ஒரு பொருள் இலவசமாகக் கிடக்கிறது. சிங்கப்பூர்த் தேர்வுகள் மதிப்பீட்டுக் கழகம் ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் தன் இணையத்தளத்தில் போட்டிருக்கிறது. எதை வரையறுக்கத் தெரிய வேண்டும், எதை விளக்கத் தெரிய வேண்டும், எதைக் கணக்கிட வேண்டும் என்று வரி வரியாக அதில் இருக்கும். அறிவியல் பாடங்களின் ஆவணத்தின் இறுதியில், வினாக்களில் வரும் ஏவல் சொற்களுக்கு விளக்கமும் இருக்கும். ‘கூறுக’ என்றால் ஒரு வரி போதும். ‘விளக்குக’ என்றால் காரணம் வேண்டும். ‘உய்த்துணர்க’ என்றால் கொடுத்த தகவலிலிருந்து வர வேண்டும். அதை அச்சிட்டு, அத்தியாயம் முடிய முடிய ஒவ்வொரு வரிக்கும் எதிரே தெரியும், அரைகுறை, தெரியாது என்று மூன்று வண்ணத்தில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாப்புலர் கடையில் அடுக்கி வைத்திருக்கும் பளபளப்பான பயிற்சிப் புத்தகங்களைவிட இது பயனுள்ளது.

முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்கள் அடங்கிய பத்தாண்டுத் தொகுப்பை எப்போது தொடங்குவது என்றும் கேட்பார்கள். உயர்நிலை 3 முழுவதும் அத்தியாயவாரியாக, நேரம் பார்க்காமல். உயர்நிலை 4 நடுப்பகுதியிலிருந்து முழுத் தாளாக, கடிகாரம் வைத்து. விடையைப் பார்த்து ‘ஓ, இது எனக்குத் தெரியும்’ என்று தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவது படிப்பாகாது. பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுகள் 2023-க்குள் முற்றிலும் நீக்கப்பட்டுவிட்டன. அது பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனால் ஆண்டு நடுவில் அடித்துக்கொண்டிருந்த எச்சரிக்கை மணியும் அதோடு நின்றுவிட்டது. சிறு மதிப்பீடுகளில் தெரியும் சரிவைப் பெற்றோர் கவனிக்காவிட்டால் அக்டோபரில்தான் விஷயம் தெரிய வரும்.

துணைப்பாட வகுப்பு வேண்டுமா? நானே இப்போது சில பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்கிறேன். ஆகவே என் பதிலைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். 2023-ஆம் ஆண்டின் குடும்பச் செலவின ஆய்வின்படி இந்த ஊர்க் குடும்பங்கள் துணைப்பாடத்துக்கு ஓராண்டில் 1.8 பில்லியன் வெள்ளி செலவிட்டிருக்கின்றன. அதில் ஒரு பகுதி பெற்றோரின் பதற்றத்தை அடக்குவதற்காகக் கொடுத்த பணம். தவறு நோட்டை வைத்துக்கொண்டு, பள்ளி ஆசிரியரிடம் போய்க் கேட்டு, அப்படியும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நின்றால் துணைப்பாடம் உதவும். எல்லாப் பாடத்துக்கும் வாரம் முழுவதும் வகுப்பு என்றால், தானாக உட்கார்ந்து போராட வேண்டிய நேரத்தையே அது தின்றுவிடும். தொடக்கக்கல்லூரியில் விரிவுரை, சிறு வகுப்பு என்ற முறை. பிப்ரவரியில் சேர்ந்தால் மறு ஆண்டு நவம்பரில் இறுதித் தேர்வு. ஊட்டிவிட்டே பழகிய பிள்ளை அங்கே திணறும். செலவு ஒரு தடை என்றால் 1991-இல் தொடங்கிய, இந்தியச் சமூகத்துக்கான சுயஉதவி அமைப்பான சிண்டா, ஸ்டெப் என்ற பெயரில் குறைந்த கட்டணத்தில் கணித, அறிவியல் வகுப்புகள் நடத்துகிறது, விசாரித்துப் பாருங்கள். அங்கே போனால் கௌரவம் குறைந்துவிடும் என்று நினைக்கும் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

பலதுறைத் தொழிற்கல்லூரி (பாலிடெக்னிக்) வழியையும் மறக்க வேண்டாம். மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் நன்றாகச் செய்து பொறியியலுக்கும் கணினிக்கும் பல்கலைக்கழகம் போகிறவர்கள் நிறையப் பேர். கையால் செய்து பார்த்தால்தான் புரியும் என்ற குணமுள்ள பையனுக்கு அது தொடக்கக்கல்லூரியைவிடப் பொருத்தமாக இருக்கும். அங்கும் பொறியியல் கணிதம் முதல் பருவத்திலேயே வகையீட்டை இழுத்துக்கொண்டு வரும்; கூடுதல் கணிதம் படித்தவன் அங்கே நிம்மதியாக மூச்சுவிடுவான்.

மேல்நிலைத் தேர்வுக்குப் பிறகான பல்கலைக்கழகப் புள்ளிக் கணக்கும் 2026 சேர்க்கையிலிருந்து மாறியிருக்கிறது. முன்பு 90-க்குக் கணக்கிட்டார்கள், இப்போது 70-க்கு. மூன்று எச்2 பாடங்களுக்குத் தலா 20, ‘ஜெனரல் பேப்பர்’ என்னும் பொதுத்தாளுக்கு 10. நான்காவது பாடம் மதிப்பெண்ணை உயர்த்தினால் மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். மேலே சொன்ன எல்1ஆர்4 மாற்றத்தையும் இதையும் சேர்த்துப் படித்தால் கல்வி அமைச்சு எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும்: குறைந்த பாடங்கள், ஆனால் அவற்றில் உறுதி. ஆறேழு அறிவியல், கணிதப் பாடங்களைக் குவித்துக்கொண்ட பழைய உத்திக்கு இப்போது முன்பிருந்த பலன் இல்லை.

படிவத்தைக் கொடுக்கும் முன் பள்ளியிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடுதல் கணிதம் ஜி3 நிலையில்தானே? ஒருங்கிணைந்த அறிவியலில் நன்றாகச் செய்தால் உயர்நிலை 3 முதல் தவணைக்குள் தனி அறிவியலுக்கு மாற வாய்ப்புண்டா? கூடுதல் கணிதத்தில் தடுமாறினால் எந்தக் கட்டத்தில் விடச் சொல்வார்கள்? மூன்றாவது கேள்வி முக்கியம். கூடுதல் கணிதத்தின் முதல் சில மாதங்கள் எல்லாருக்கும் கசக்கும். உயர்நிலை 3-இன் முதல் மதிப்பீட்டில் தோற்றுவிட்டு இறுதியில் ஏ2 வாங்கிய பிள்ளைகள் உண்டு. முதல் தோல்விக்கே பாடத்தைக் கைவிடும் வழக்கம் அந்தப் பள்ளியில் இருந்தால், ஆண்டிறுதி வரையாவது அவனைத் தொடர விடும்படி இப்போதே பேசி வையுங்கள். அந்த உரையாடலுக்கு மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். மேல் வகுப்பு மாணவர்கள் சொன்ன பயங்கரக் கதைகளுக்கு எதிராக, கூடுதல் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் வாயால் அவன் நேரடியாக நாலு வார்த்தை கேட்கட்டும்.